புகைக்கூடத்து மாப்பிள்ளை

வெள்ளி 14

மழை. தெப்ராவ் ஊர் முழுக்க ஈரத்துணி வாடை. வீட்டுப்பாடம்: கணிதம் (செய்யவில்லை), வரலாறு (எதற்கு? நேரிலேயே பார்த்தாயிற்று).

அக்காவைப் பெண் கேட்டிருக்கும் தினேஷ் வந்தான். சிங்கப்பூரில் வேலை, உடம்பெல்லாம் செண்ட். ஞாயிற்றுக்கிழமை பரிசம். அக்காவும் அவன் காரில்தான் வந்தாள். காரில் இருந்தது ஒரே குடை. அதைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவன், வெளிக்கேட்டையும் சாத்திக்கொண்டான். அக்கா இன்னும் தெருவில், மழையில்.

அந்த முதுகு! எனக்குத் தொண்டையில் புகை.

மு.நா. (முதல் ஜென்மத்து நான், மெர்சிங் மீன்காரி) உடனே சொன்னாள்: இவனேதான். கடல் கொந்தளித்தபோது நம் படகின் கயிற்றை அறுத்துவிட்டு, தன் படகில் போனவன்.

இ.நா. (இரண்டாம் ஜென்மத்து நான், காஹாங் தோட்டத்துப் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் காயப்போட்டவள்) இருமினாள்.

சனி 15

மந்தாரம். அக்காவிடம் சொல்லியேவிட்டேன்.

"போன ஜென்மத்துல இவன் என் புருஷன். புகைக்கூடத்துல தீப்பிடிச்சுது. என்னை உள்ள விட்டுட்டு, வெளிய போய்த் தாழ்ப்பாள் போட்டான்."

"ஏனாம்?"

"நெருப்பு வெளிய வந்துடக் கூடாதுல்லன்னான்."

சிரித்தாள். "அலமாக், கவி! போன வாரம் என் ஷாம்புல கஞ்சி ஊத்துனது எந்த ஜென்மத்துக் கவி?"

இந்த ஜென்மம்தான். குறும்பு செய்தே பெயரைக் கெடுத்துக்கொண்டேன். இப்போது உண்மைக்கு ஆள் இல்லை.

அம்மா அடுப்படியிலிருந்து: "தட்டு மாத்திட்டா பேச்சு மாத்த முடியாது. நாளைக்கு வாயை மூடிட்டு இருடி."

சரி. வாயை மூடுகிறேன். கை சும்மாதானே இருக்கிறது.

இரவுச்சந்தையில் வாங்கியது: ரப்பர் பாம்பு, பச்சை. அமுக்கினால் கீச்சிடும். ரப்பர் காயப்போட்டே செத்தவளுக்கு ரப்பரே துணை. மு.நா. விழுந்து விழுந்து சிரித்தாள். இ.நா. சொன்னது ஒன்றே ஒன்று: தட்டு மாற்றுவதற்கு முன்னால்.

ஞாயிறு 16

கொளுத்தும் வெயில். வீடெல்லாம் மல்லிகை. வாசல் கிரில்லில் பூட்டு திறந்தபடி தொங்கியது. சாவி அம்மா இடுப்பில்.

அக்கா பட்டுப்புடவையில். அழகாக இருந்தாள். அம்மாவும் அவன் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து தட்டைத் தூக்கினார்கள். வாழைப்பழச் சீப்புக்கு அடியில் ஒளித்துவைத்திருந்த பாம்பைப் பக்கத்திலிருந்த அக்கா மடியில் இழுத்துவிட்டேன்.

"பாம்பு!"

முதலில் எழுந்தவன் மாப்பிள்ளை. அக்காவைப் பார்க்கவே இல்லை. பெற்ற தாயைத் தாண்டிக் குதித்தான், வெளியே போனான், கிரில்லை இழுத்தான். டக். பூட்டு.

இ.நா. இருமலை நிறுத்தினாள்.

"டேய், நானும் உள்ளதாண்டா இருக்கேன்!" அவன் அம்மா.

வெளியிலிருந்து பதில்: "பாம்பு வெளிய வந்துடக் கூடாதுல்லம்மா!"

அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

பாம்பை எடுத்து அமுக்கினேன். கீச். அம்மா என் முதுகில் ரெண்டு வைத்தார். வாங்கிக்கொண்டேன்.

"சாவி குடுங்க லா, எல்லாம் விளையாட்டுதானே!" என்றான் அவன், கம்பிக்கு அந்தப் பக்கம் இளித்தபடி.

அக்கா என்னிடம் மட்டும் கேட்டாள். "கவி, புகைக்குள்ள இருந்தவ கூப்பிட்டாளா?"

"கூப்பிட்டா."

"தெறந்தானா?"

"இல்ல."

அக்கா, அம்மாவின் இடுப்பிலிருந்து சாவியை உருவி, கைக்குள் இறுக்கிக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த தட்டைத் தூக்கிக்கொண்டு கிரில்லுக்குப் போனாள். தட்டு கம்பிக்குள் நுழையவில்லை. அதனால் வெற்றிலையை ஒவ்வொன்றாக வெளியே தள்ள ஆரம்பித்தாள்.

"மாலி, என்ன இது? மாலி!"

இன்னொரு இலை. இன்னொரு இலை. அவன் வெறுங்காலின் மேல் பச்சையாக விழுந்தன.

கடைசியில் பாக்கு. அதை மட்டும் என் கையில் கொடுத்தாள். எறிந்தேன். சரியாக மூக்கில்.