குல்லாத் தாத்தா, என் கடிதத்திலும் உங்கள் கைவரிசையா?

என் செல்லக் குல்லாத் தாத்தாவுக்கு,

ஊருக்கு நீங்கள் கர்தினால் ஆண்டகை. உங்கள் சிவப்புக் குல்லாவைத் தலையில் மாட்டிக்கொண்டு தெருவில் ஓடியவள் நான், எனக்கு இப்படித்தான் கூப்பிட வரும். சுகமா என்று கேட்க இதை எழுதவில்லை. இது சந்தேகக் கடிதம்.

நீங்கள் இறந்த முப்பதாம் நாள் பூசை முடிந்தது. பிரசங்கத்தில் சாமியார் உங்களைப் புகழ்ந்து தள்ளினார். பரவையில் பிறந்து, ரோமில் படித்து, திருத்தந்தையின் தூதராக நாடு நாடாகப் போய், முகம் பார்க்காத எதிரிகளை ஒரே மேசையில் உட்கார வைத்தவராம். "எப்படித்தான் செய்தாரோ!" என்றார். எப்படி என்று எனக்குத் தெரிந்துவிட்டது தாத்தா.

நினைவு மலருக்காக உங்கள் கடிதங்களைப் படம் பிடிக்கும் வேலை எனக்கு வந்தது. மார்க்கெட் கடைச் சண்டையில் அப்பாவும் சித்தப்பாவும் பேசாமல் இருந்தார்களே, அப்போது நீங்கள் எழுதிய இரண்டும் அதில் இருந்தன. அப்பாவுக்கு: "தம்பி உன்னை விசாரித்து எழுதியிருக்கிறான்." சித்தப்பாவுக்கு: "அண்ணன் உன்னை விசாரித்து எழுதியிருக்கிறான்." இரண்டிலும் ஒரே தேதி.

"சித்தப்பா, நீங்க தாத்தாவுக்கு லெட்டர் போட்டீங்களா?"

"நானா? சாமான் சீட்டுகூட உங்க சித்திதேன் எழுதுவா. அண்ணேதேன் முதல்ல எறங்கி வந்துச்சு."

அப்பாவோ, "அவன்தேன் முதல்ல எறங்கி வந்தான்" என்கிறார்.

சிவப்புக் குல்லா போட்ட நீங்கள் எங்கள் குடும்பத்துக்கே குல்லா போட்டிருக்கிறீர்கள்! கைதட்டிச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் ஓடிப்போய் என் பெட்டியைத் திறந்தேன். எனக்கும் ஒரு கடிதம் போட்டீர்களே?

ஒன்பதாம் வகுப்பில் பள்ளி மணியை ஒரு மணி நேரம் முன்னால் அடித்து நான் மாட்டிக்கொண்டபோது, அப்பா பத்து நாள் முகம் கொடுக்கவில்லை. அப்போது நீங்கள் எழுதினீர்கள்: "உன் அப்பா உன்னைப் பற்றி என்ன சொன்னான் தெரியுமா? 'சேட்டக்காரிதேன், ஆனா பொய் சொல்ல மாட்டா.'"

அந்த ஒரு வரிக்காக எத்தனை தடவை நானாகவே போய் உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டிருக்கிறேன்! அதை அப்பா சொன்னாரா, நீங்களே எழுதிவைத்தீர்களா? அந்தத் 'தேன்' அப்பா வாயில் வருவதுதான். ஆனால் நீங்களும் பரவைக்காரர்தானே?

அப்பா கடையிலிருந்து வருகிற நேரம். வாசலிலேயே நிறுத்திக் கேட்கப்போகிறேன், நடுவில் தூதர் யாரும் இல்லாமல். "நான் எங்கடி அப்படிச் சொன்னேன்?" என்று கேட்டுவிட்டால்?

அழுவேன். ஆனாலும் பொய் சொல்ல மாட்டேன் தாத்தா. அப்பா சொன்ன பெண்ணாக இல்லாவிட்டால், நீங்கள் இட்டுக்கட்டிய பெண்ணாகவே இருந்துவிட்டுப் போகிறேன். இது சத்தியம்.

உங்கள் அண்ணன் பேத்தி,
ஸ்டெல்லா