பத்து லட்சத்து ஒன்று

தை 9, இரவு.

அறுவடைக் கூலிக் கூட்டத்துக்கென்று திருத்துறைப்பூண்டி போன அண்ணன் இன்றும் வரவில்லை. போலீஸ் பிடித்துப் போனதாகச் சொல்கிறார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் அம்மா மாரியம்மன் கோவிலுக்குப் பூக்கட்டிப் பார்க்கப் போனாள். வெள்ளைப் பூ வந்தால் வந்துவிடுவான், சிவப்பு வந்தால் இல்லை. கட்சிக்காரனான அண்ணன் எப்போதும் கேலி செய்யும் வழக்கம் அது. கல்லூரியில் கணிதம் படிக்கும் நான் அதைவிட மோசம். 1000001 எதனாலும் வகுபடாத பகா எண்ணாக இருந்தால் அண்ணன் வந்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துக்கொண்டே போனேன். 97 வரை மீதி வந்தது. கொஞ்சம் நம்பிக்கையும் வந்தது. அடுத்தது 101. மீதியே இல்லை. நூறின் முப்படியோடு ஒன்றைக் கூட்டினால் 101 வகுக்கும் என்பது பார்த்தவுடனே தெரிந்திருக்க வேண்டும். பயத்தில் கண்ணில் படவில்லை.

அம்மா திரும்பி வந்தாள்.

"வெள்ளைப் பூதான்டி வந்துச்சு. நீ ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

"ஒண்ணுமில்லம்மா. கணக்கு வரல."

அண்ணன் பார்த்தால் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துச் சிரிப்பான். வந்து சிரிக்கட்டும்.