கட்டிலுக்கு நேர் மேலே ஒரு விளக்கு

வியாழன், இரவு

இன்று மட்டாஞ்சேரியில் ஒரு ஹோம்ஸ்டேயில் விளக்கு மாட்டும் வேலை. கட்டிலுக்கு நேர் மேலே பளிச்சென்று ஒன்றை மாட்டிவிட்டு, பாராட்டு வரும் என்று நின்றேன். எந்த விளக்கு எங்கே என்று வரைந்து கொடுக்கும் பெண் அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள்.

"சேட்டா, ஒரு தடவை இங்க படுத்துப் பாருங்க."

படுத்தேன். கண்ணில் ஊசி குத்துவது போலிருந்தது. முப்பது வருஷமாக ஏணியில் நின்றே வெளிச்சம் பார்த்த மேதாவி நான். நானும் சிரித்தேன். அதைக் கழற்றும்போதுதான் என் மனைவி நூர்ஜகான் நினைவு வந்தது.

பக்கவாதம் வந்து, பேச்சும் போய், அவள் எட்டு மாதம் படுத்தே கிடந்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று பிராட்வே கடைத்தெருவில் தேடிப் பெரிய விளக்காக வாங்கி அவள் தலைக்கு மேலே மாட்டினேன். வந்தவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன். அவள் முகத்தில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். தூங்குகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

வீட்டுக்கு வந்ததும், அவள் மவுத்தான பிறகு யாரும் படுக்காத அந்தக் கட்டிலில் விளக்கைப் போட்டுப் படுத்தேன். மகள் ஒரு கிளாஸ் சாயாவோடு வந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியும் அத்தா. துண்ட நான்தான் போட்டுவிடுவேன். லைட்ட மாத்தச் சொல்லவான்னு கேட்டா, அம்மா வேணாம்னு தலையாட்டும். நீங்க ஆசையா மாட்டினதுல்ல."

சாயா ஆறிவிட்டது. விளக்கை இன்னும் கழற்றவில்லை. இதை எழுதுவதும் அதன் வெளிச்சத்தில்தான்.