சாவித்ரி கொண்டுவந்த சவரக் கத்தி

நவம்பர் 11, செவ்வாய்

இன்று கூடத்தில் இருந்தவர்கள்: நான், இவர் (பெயர் சிதம்பரம், எழுதலாம், வாயால் சொல்லத்தான் மாட்டேன்), மருமகள் பிரபா, மாடி வீட்டு சாவித்ரி மாமி, அவள் பேத்தி மது.

சாவித்ரி பட்டுத் துணியில் சுற்றி ஒரு மடக்குச் சவரக் கத்தி கொண்டுவந்தாள். காலமான அவள் வீட்டுக்காரர் சந்தானத்தினுடையது. கொம்புப் பிடி, அலகில் தங்க எழுத்து, மேலெல்லாம் துரு.

“அவர் ஞாபகமா இது ஒண்ணுதான் இருக்கு. பழையபடி பண்ணித் தருவேளா?”

இவர் இரண்டு கையாலும் வாங்கினார். என்னிடம் காப்பி டம்ளரைக்கூட அப்படி வாங்கியதில்லை.

கார்டன் ரீச் கப்பல் பட்டறையில் வேலை ஓய்ந்ததிலிருந்து இவருக்குப் பழைய கத்திகள்தான் உலகம். இதே வீட்டில் என் அரிவாள்மனை மழுங்கிக் கிடக்கிறது. ஆடியில் சொன்னேன். “நாளைக்கு” என்றார்.

நவம்பர் 13

இன்றும் அதே கத்தி. சாப்பிடக் கூப்பிட்டால் “இதோ.” ரசம் ஆறியது.

நவம்பர் 14

மற்றவர் கத்தியென்றால் துருவை மோட்டார் சக்கரத்தில் ஒரு பிடி பிடிப்பார். இதற்கு மட்டும் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை எண்ணெயில் நனைத்து, கட்டைவிரலால். பிறகு பஞ்சில் பாலிஷைத் தொட்டு, தங்க எழுத்தைச் சுற்றிச் சுற்றித் தேய்க்கிறார். எழுத்து அழிந்துவிடக் கூடாதாம்.

“இதுக்கு மட்டும் என்ன இவ்வளவு பக்குவம்?”

“சக்கரத்துல சூடேறினா எஃகோட குணம் போயிடும், நாகம்மா.”

எஃகின் குணம் தெரிகிறது.

நவம்பர் 16

மது ஒரு பாட்டில் கரிசலாங்கண்ணி எண்ணெய் கொண்டுவந்தாள். பாட்டி காய்ச்சியது மிஞ்சிவிட்டதாம். சாவித்ரி வீட்டில் எது மிஞ்சியது இதுவரை? என் மகன் கல்யாணத்துக்கு அவள் வைத்துக் கொடுத்த எவர்சில்வர் கிண்ணத்தில் வேறு யாரோ பெயர் வெட்டியிருந்தது. நான் மறக்கவில்லை.

எண்ணெயைக் கொட்ட மனசில்லை. தேய்த்துக்கொண்டேன். நவராத்திரிப் பூஜை சமயத்தில் வந்த காய்ச்சலில் முடி கொத்துக்கொத்தாகப் போனது. இப்போது நின்றுவிட்டது. தலையணை சுத்தமாக இருக்கிறது. கை தூக்க முடியாததால் பிரபாதான் தலை வாருகிறாள். அவளும் கொட்டவில்லை என்கிறாள்.

நவம்பர் 19

அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். எழுதிவிடுகிறேன்.

கல்லில் தீட்டி முடித்ததும் இவர் ஒரு முடியைத் தொங்கவிட்டு அலகில் தொடுவார். கூர் சரியாக இருந்தால் முடி சத்தமில்லாமல் இரண்டாகும். எந்தக் கத்தியானாலும் அது என் முடிதான். “ஒண்ணு கொடு” என்று கேட்டு வாங்குவார். அந்த ஒரு வேலையில்தான் எனக்குப் பங்கு.

இன்று இவர் வேலை செய்யும் பலகையில் ஒரு நீள முடி கிடந்தது. மருதாணிச் சிவப்பு. என் முடி வெள்ளை. பிரபா கழுத்தோடு வெட்டியிருக்கிறாள், கறுப்பு.

இந்தக் கட்டடத்தில் தலைக்கு மருதாணி வைப்பவள் யார் என்று எனக்குத் தெரியாதா?

நவம்பர் 20

கேட்டேன். மறைக்கவில்லை.

“சாவித்ரிகிட்ட கேட்டு வாங்கினேன்.”

“என் தலை என்ன ஆச்சு?”

“உன்னுது வேண்டாம்னுதான்...”

வேண்டாமாம்! இத்தனை வருஷம் பொங்கிப்போட்டவள் வேண்டாம்!

கடைசி மெருகுக்குத் தோல்வாரில் தடவுகிற பச்சைக் கட்டியை எடுத்து அரிசி டப்பாவுக்குள் புதைத்தேன். இனி எப்படி முடிக்கிறார் பார்க்கிறேன்.

நவம்பர் 22

தேடுகிறார். மேசைக்கு அடியில், புத்தக அலமாரிக்குப் பின்னால். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேடட்டும்.

நவம்பர் 23

சாதம் வைக்கப் போன பிரபா கட்டியைக் கண்டுபிடித்துவிட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அத்தை, முடி கொட்றது நிக்கலை. வாரினதும் உதிர்ந்த முடியை மாமா கையில கொடுத்துடுவேன். நீங்க எழுந்து முகம் கழுவப் போனதும் தலையணையை அவரே தட்டி வைப்பார். நீங்க பார்த்தா அழுவீங்கன்னு.”

“என் முடியை வேண்டாம்னாரே.”

“காய்ச்சல் முடி கத்தி படறதுக்கு முன்னாடியே ஒடியுதாம். கூர் தெரியலையாம். அதைச் சொல்லித்தான் மாடியில கேட்டிருக்கார்.”

பின்னலைத் தொட்டுப் பார்த்தேன். எலிவால்.

அப்படியென்றால் சாவித்ரிக்குத் தெரியும். எண்ணெய் பாட்டில் வந்த அன்றே தெரியும்.

கட்டியில் ஒட்டிய அரிசி மாவைத் துடைத்து, பலகையில் வைத்தேன். இவர் பார்த்தார். நானும் பார்த்தேன்.

நவம்பர் 26

சாவித்ரி வந்து கத்தியை வாங்கிப் போனாள். முகம் தெரிகிற பளபளப்பு. தங்க எழுத்து ஒன்றுகூட அழியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் தலைப்பக்கம் திரும்பவே இல்லை.

ஏப்ரல் 14, வருஷப் பிறப்பு

மாங்காய்ப் பச்சடி. அரிவாள்மனை இன்னும் அப்படியேதான்.

மத்தியானம் இவர் புதிதாக வந்த ஒரு கத்தியோடு அடுப்படி வாசலில் நின்றார்.

“ஒண்ணு கொடு, நாகம்மா.”

புதிதாக முளைத்தது விரல் நீளம்தான் இருக்கிறது. பிடுங்கிக் கொடுத்தேன். இடுக்கியில் பிடித்து அலகில் தொட்டார். இரண்டாகப் போனது. இவரை மன்னித்துவிட்டேன்.

சாயந்திரம் மது இன்னொரு பாட்டில் கொண்டுவந்தாள். மிஞ்சிவிட்டதாம். முடி கொடுத்தாள், மாதம் தவறாமல் எண்ணெய் கொடுக்கிறாள், எல்லாம் தெரிந்தும் ஒரு நாள்கூட “ஐயோ பாவம்” என்று வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்றே சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள். நான் இருக்கும்வரை மன்னிக்க மாட்டேன், சாவித்ரியை.