வெள்ளை டப்பாவில் ஒரு விரல் பள்ளம்

மார்ச் 4
காலையில் சின்னவளை அறைந்துவிட்டேன். பெரியவளின் முகக் கிரீமைத் தொட்டாள். அந்த வெள்ளை டப்பாவில் பெரியவள் விரல் வழித்த பள்ளம் அப்படியே இருக்கிறது. அவள் செத்ததிலிருந்து அதைத் திறந்து மோந்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். அதில் இன்னொரு விரல் படலாமா? சின்னவள் அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா பார்த்தாள்.

மார்ச் 5
சாப்பிட்டியா என்றால் "ம்". அவ்வளவுதான்.

மார்ச் 7
சின்னவளுக்கென்று வேறு வாங்கிக் கொடுத்துவிட்டால் இதைத் தொட மாட்டாள். பெரியவளுடையதையும், நான் வருஷக்கணக்காய்ப் பூசுகிற நீல டப்பாவையும் மருந்துக் கடைக்கு எடுத்துப் போனேன். அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று டப்பாவில் போட்டிருக்கும் பொடி எழுத்தெல்லாம் எனக்குப் படிக்க ஓடாது. கடைப் பெண் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தாள்.

"எது அதிகமோ அதை முதல்ல போடுவாங்கக்கா. தண்ணி, கிளிசரின், மெழுகு... இதுலயும் அதேதான். வாசனைதான் வேற. யாருக்கு?"

"பெரியவளுக்கு." வாயில் வந்துவிட்டது.

"அவங்களுக்கு எண்ணெய் வழியற முகமா, வறண்ட முகமா?"

தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரியவில்லை. பின்னால் நின்றவர்கள் பார்த்தார்கள். ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன். இந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

மார்ச் 8
சின்னவளிடமே கேட்டேன், அக்காவுக்கு எப்படி முகம்டி என்று.

"வறண்ட முகம். உன்னை மாதிரி." பிறகு வெள்ளை டப்பாவைக் காட்டி, "அந்தப் பள்ளம் என் விரல்மா. அவ அதைப் பூசினதே இல்ல. வாங்கிட்டு வந்து படிச்சுப் பாத்துட்டு, ரெண்டும் ஒண்ணுதான், எனக்கு அம்மா டப்பா போதும்னு என்கிட்ட குடுத்துட்டா."

அடி வாங்கினியே, அப்பவே சொல்றதுக்கென்ன என்றேன்.

"நீ தினம் மோந்து பாக்குறியே. எப்படிச் சொல்றது?"

உயிரோடு இருக்கிறவள் விரலைத்தான் இத்தனை நாள் கும்பிட்டிருக்கிறேன். அந்த விரலையே தொடாதே என்று அடித்திருக்கிறேன்.

மார்ச் 9
வெள்ளை டப்பாவிலிருந்து எடுத்து நானே சின்னவளுக்குப் பூசிவிட்டேன். அடித்த கன்னத்தில் முதலில்.

"போதும்மா, செவுத்துக்கா சுண்ணாம்பு அடிக்கிற" என்றாள்.

அப்புறம் என் நீல டப்பாவைத் திறந்தேன். முன்பெல்லாம் மாதம் ஒன்று தீர்ந்துபோகும், நான்தான் கை நிறைய எடுக்கிறேன் போல என்று நினைத்துக்கொள்வேன். இந்த டப்பா பெரியவள் செத்த வாரம் நான் வாங்கியது. இரண்டு மாதமாகியும் இன்னும் பாதிகூடத் தீரவில்லை.