தலையில் தட்டிய கை

12.8.1986, செவ்வாய்

மத்தியானம் தொப்பூர் ஓட்டலில் பக்கத்து இலையில் சாப்பிட்ட லாரி டிரைவர் திடீரென்று தொண்டையைப் பிடித்துக்கொண்டார். புரையேறிவிட்டது என்று நினைத்து அவர் உச்சந்தலையில் தட்டினேன். "வூட்ல யாரோ நெனைக்கிறாங்க போல" என்று சிரிக்கவும் செய்தேன். தீயணைப்பு நிலையத்தில் புதியவர்களுக்கு முதலுதவி சொல்லிக்கொடுப்பவன் நான்.

ஓட்டல்காரர் தண்ணீரை நீட்டியபோதுதான் உறைத்தது. டிரைவருக்கு இருமலே வரவில்லை. உதடு நாவல்பழ நிறமாகியிருந்தது. தண்ணீரைத் தடுத்து, அவரைக் குனியவைத்து முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தேன். பயனில்லை. பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக அழுத்தினேன். மூன்றாவது அழுத்தலில் கறித்துண்டு தெறித்து விழுந்தது.

மூச்சு திரும்பியதும் அவர் மெல்லக் கேட்டார்: "என்னை யாருங்க நெனைக்கப் போறாங்க? எனக்குன்னு யாருமில்லீங்களே."

கண்ணை மூடினால் அவர் லாரி மலைப்பாதையில் சத்தமே இல்லாமல் பஞ்சு போல மிதந்து இறங்குகிறது. சிரித்துக்கொண்டே தட்டினேனே, அது எத்தனை நேரம்? தெரியவில்லை. படுத்ததிலிருந்து அவரையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இந்நேரம் அவர் எங்கேயும் சாப்பிட்டுக்கொண்டிருக்கக் கூடாது.