பட்டாளத்துப் பையும் பழனி நடையும்

முருகன் துணை

திண்டுக்கல்
10-2-1964

சிரஞ்சீவி மகன் அழகருக்கு அப்பா எழுதுறது. இங்க நானும் உன் ஆத்தாளும் மாடு கன்னுகளும் சொகம், என் முதுகு மட்டும் சொகமில்ல, அந்தக் கூத்தைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி. அந்தப் பனிக்காட்டுல உன் ஒடம்பு எப்படி இருக்குன்னு மறைக்காம எழுது.

பட்டாளத்துல இன்னும் சில வருசம் இருக்கச் சொல்றாங்க, இருக்கட்டுமா வந்துரட்டுமான்னு கேட்டிருந்தே. ஆத்தா வந்துரச் சொல்லுங்கன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. நான் விடுவனா, பட்டாளத்தான் அப்பன்னு டீக்கடை பெஞ்சுல எந்திரிச்சு எடம் விடுறாங்க, அந்த மருவாதி போயிருமேன்னு, பட்டாளத்துல பையை மாட்டிக்கிட்டு நடக்குறது ஒரு கஷ்டமான்னு வாயை விட்டேன். அப்ப நீங்க நடந்து காட்டுங்கன்னுட்டா. தைப்பூசத்துக்கு உன் பேருல பழனிக்கு நடக்குறதா நேந்திருந்தேன்ல, பட்டாளத்துப் பையோடயே போறேன்னு வீம்புக்குச் சொல்லிட்டேன்.

நாகல் நகர்ல நைனா முகமது கடையில பட்டாளத்துல கழிச்ச சாமான் விக்கிறாரு, ஊடால நம்மூர்ல தச்ச போலியும் கெடக்கும். நானா ஏமாறுவேன்? முரட்டுக் கித்தானா, பித்தளைக் கொக்கியா, மூடிக்குள்ள பட்டாளத்து அம்புக்குறி முத்திரை இருக்கான்னு பொண்ணு பாக்கப் போனவன் கணக்கா திருப்பித் திருப்பிப் பாத்து அசலையே எடுத்தேன். அண்ணே நீங்க பட்டாளத்துல இருந்தீகளான்னு நைனாவே கேட்டாரு, எனக்குத் தலைகால் புரியல. பை அசல்தான் அப்பு, தூக்குனவன்தான் போலி. பர்மா சண்டைக்குப் போயி வந்த மேலத்தெரு சங்கிலி, சிப்பாய் சொமக்குற எடைக்குக் கேப்பையும் கம்பளியும் திணிச்சுக் குடுத்தான். நான் பழக்கதோசத்துல சும்மாடு கூட்டித் தலையில தூக்கி வச்சுக் கெளம்பிட்டேன், வாரு ரெண்டும் மூஞ்சிக்கு முன்னால ஆடுது, தெருவே சிரிக்குது. சங்கிலி ஓடியாந்து எறக்கி முதுகுல மாட்டிவிட்டான். இறுக்குனா மூச்சு முட்டுதுன்னு நானே வாரைத் தளத்துனேன், பை கீழ எறங்கிப் பின்னால இழுக்க ஆரம்பிச்சிருச்சு. ரெட்டியார்சத்திரம் போறதுக்குள்ள தோள்பட்டை கன்னிப்போச்சு. செத்த நேரம் ஒக்காருவோம்னு புளியமரத்தடியில கால மடக்குனேன், பை என்னைய மல்லாக்கத் தள்ளிருச்சு. எந்திரிக்க முடியாம ஆமை கணக்கா கையக் கால ஆட்டிக்கிட்டுக் கெடக்கேன், காவடிக்காரங்க எனக்குச் சாமி வந்துருச்சுன்னு அரோகரா போட்டுத் திருநீறு பூசுறாங்க. இல்லப்பா, என்னையத் தூக்கி விடுங்கன்னா யாரு காதுலயும் விழுகல.

அந்தக் கூட்டத்துல ஒச்சாயின்னு ஒரு அம்மா என் காலப் புடிச்சுக்கிட்டு, "சாமி, வடக்க பட்டாளத்துக்குப் போன என் மகன் எப்ப வருவான்?"னு கேட்டா. நான் கத்துறதும் நின்னுபோச்சு, வலியும் நின்னுபோச்சு. சீக்கிரம் வந்துருவான் தாயின்னு சொல்லிட்டு அப்படியே அழுதேன், அதையும் சாமி அழுகுதுன்னாங்க. ஒருவழியா எந்திரிச்சு, பையை ஒரு மாட்டுவண்டியில ஏத்தி வீட்டுக்கு அனுப்பிட்டு வெறுங்கையோட பழனிக்கு நடந்தேன். இப்ப உன் ஆத்தா அதுல புளி அடைச்சு வச்சிருக்கா, அவ ஒரு வார்த்தை என்னையக் குத்திக் காட்டல, அதுதான் தாங்க முடியல.

நீ கேட்டதுக்குப் பதில் இதுதான். அங்க இருக்கணும்னு உனக்கே ஆசைன்னா இரு, என் பெருமைக்காக ஒரு நாளும் இருக்காதே. என் மனசைக் கேட்டா, வந்துரு சாமி. பழனியாண்டவன் உனக்கு நீண்ட ஆயுசு குடுக்கட்டும். நீ வார வரைக்கும் தோள்வாருக்கு அடியில துண்டை மடிச்சு வச்சுக்க, அந்த எடம்தான் ரொம்ப வலிக்குது.

இப்படிக்கு
உன் அப்பன்
நாச்சிமுத்து